புதுப்பிப்பு: அந்த ஆர்எல்எஃப் கோப்பு திறந்துவிட்டது

கணினி வழி செதுக்கும் சிஎன்சி இயந்திரத்தில் செதுக்க, தேக்குக் கதவுக்கான கஜலட்சுமி புடைப்பு வடிவம் ஆர்எல்எஃப் (.rlf) கோப்பாக வந்திருக்கிறது, எதிலும் திறக்கவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அது ஆர்ட்கேம் என்ற புடைப்பு வடிவமைப்பு மென்பொருளின் சொந்தக் கோப்பு வகை. ஆட்டோடெஸ்க் 2018-ல் அந்த மென்பொருளை நிறுத்திவிட்டது. அதன் நிரலிலிருந்தே வளர்ந்த கார்வ்கோ என்ற மென்பொருள் இதைத் திறக்கும். அதை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எஸ்டிஎல் (.stl) என்ற பொதுவான முப்பரிமாணக் கோப்பாக மாற்றிக் கொடுத்தார். கோப்பின் பின்னொட்டை மட்டும் மாற்றிப் பார்க்காதீர்கள், பயனில்லை.

உயரத்தைச் சாம்பல் நிறத்தின் அடர்த்தியால் காட்டும் சாம்பல்நிறப் படமாகவும் எடுத்துப் பார்த்தேன். 8 பிட் படத்தில் உயரத்துக்கு 256 படிகள்தான், 10 மி.மீ. ஆழத்தில் ஒரு படி ஏறக்குறைய 0.04 மி.மீ. பெரிதாக்கினால் யானையின் துதிக்கையில் படிக்கட்டு போல வரிகள். படமாகத்தான் வேண்டும் என்றால் 16 பிட்டில் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று: எஸ்டிஎல்லில் அலகு இருக்காது. மில்லிமீட்டரா அங்குலமா என்று பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அளந்து பார்த்துவிட்டுத்தான் வெட்டுப்பாதை (வெட்டும் கருவி நகர வேண்டிய வழி) போட்டேன். இயந்திரத்துக்கான கட்டளைக் கோப்பான ஜி-கோடைக் கேமோட்டிக்ஸ் என்ற மென்பொருளில் கணினித் திரையிலேயே ஓட்டிப் பார்த்தாயிற்று, முகம் அழகாக வருகிறது. நாளை முதலில் ஒரு வேப்பம்பலகைத் துண்டில் செதுக்கிப் பார்க்கிறேன்.