இரண்டு டெம்ப்ளேட் வைத்துப் புரத மாடல்: டொமைன் கோணம் நிற்க மாட்டேன் என்கிறது

வணக்கம். ஹோமாலஜி மாடலிங் (வடிவம் தெரிந்த ஒத்த புரதத்தை வைத்து, தெரியாத புரதத்தின் வடிவத்தைக் கணிப்பது) செய்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

என் புரதத்தில் இரண்டு டொமைன்கள், அதாவது தனித்தனியாக மடியும் பகுதிகள். முழு நீளத்துக்கும் பொருந்தும் டெம்ப்ளேட் (அச்சாக எடுக்கும், வடிவம் தெரிந்த புரதம்) கிடைக்கவில்லை. முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று. நடுவில் பத்துப் பன்னிரண்டு அமினோ அமிலங்கள்தான் இரண்டுக்கும் பொது. மாடலர் மென்பொருளில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், தனித்தனியாக ஒவ்வொரு டொமைனும் அருமையாக வருகிறது. ஆனால் மாடலுக்கு மாடல் அவற்றுக்கு இடையிலான கோணம் மாறுகிறது. மாடலின் தரத்தை மதிப்பிடும் டோப் ஸ்கோரோ எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, அதை வைத்து எதைப் பொறுக்குவது? காரணம் புரிகிறது: தூரக் கட்டுப்பாடுகள் டெம்ப்ளேட்டிலிருந்து வருபவை, டொமைன்களுக்கு இடையிலான தூரம் இரண்டு டெம்ப்ளேட்டிலும் இல்லை.

அப்புறம், முன்பாதிக்கு இன்னொரு டெம்ப்ளேட்டும் இருக்கிறது. அது லிகண்டை (புரதத்தில் ஒட்டும் மூலக்கூறை)ப் பிடித்து மூடிய நிலை, முதலாவது திறந்த நிலை. இரண்டையும் கலந்தால் செயல்மையம் இரண்டுங்கெட்டானாகிவிடுகிறது. ஒன்றை விட்டுவிடுவதே சரி என்று நினைக்கிறேன்.

டொமைன்களைத் தனித்தனியாகக் கட்டி டாக்கிங்கில் (இரண்டு மூலக்கூறுகள் பொருந்தும் விதத்தைக் கணிப்பதில்) சேர்ப்பதா, ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐ கணிப்பு மென்பொருள் தரும் கோணத்தை எடுத்துக்கொள்வதா? டொமைன்களுக்கு இடையில் அதன் பிஏஇ (இடக்கணிப்பில் எதிர்பார்க்கும் பிழை) அதிகமாகக் காட்டுகிறது, அதனால்தான் தயக்கம். சிறுகோண எக்ஸ்ரே சிதறல் (கரைசலில் புரதத்தின் ஒட்டுமொத்த வடிவத்தைக் காட்டும் சோதனை) தரவு இல்லாமல் இதைத் தீர்த்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அலைன்மென்ட் (வரிசை ஒப்பீட்டு) கோப்பு வேண்டுமானால் பகிர்கிறேன்.