மறு: வுட்வார்ம் – "மரப்புழு" போதுமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவுக்கு மரச்சாமான் கொண்டுபோகிறவர்களுக்கான நம் கையேட்டில், மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழுவான வுட்வார்முக்கும் அதைச் சார்ந்த பிற ஆங்கிலச் சொற்களுக்கும் என்ன தமிழ் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> வுட்வார்முக்கு மரப்புழு என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. இந்தக் கையேட்டைப் படிக்கப் போகிறவர் மெல்போர்னுக்கோ சிட்னிக்கோ குடிபெயரும் குடும்பத்தார். தாத்தா காலத்து அலமாரியையும் ஊஞ்சல் பலகையையும் கண்டெய்னரில் ஏற்றுகிறவர். "மரப்புழு இருக்கக் கூடாது" என்று படித்தால் புழுவைத் தேடுவார். அது வெளியே வராது. வண்டு மரத்தில் முட்டையிடுகிறது, புழு உள்ளேயே இருந்து கட்டையைத் தின்கிறது. இனத்தைப் பொறுத்துச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து வண்டாகித் துளை போட்டு வெளியேறுகிறது. நம் கண்ணில் படுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத் துளையும் கீழே கொட்டிக் கிடக்கும் தூளும்தான். ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் சோதிக்கும் அதிகாரியும் இவற்றைத் தேடுவார்.

இதற்குத் தமிழில் வினை ஏற்கெனவே இருக்கிறது. கட்டை உளுத்துப்போச்சு என்றுதான் எந்த ஆசாரியும் சொல்வார். அதிலிருந்து உளுவண்டு என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. தூளுக்கு உளுத்தூள். உளுமாவு என்றும் யோசித்தேன், உளுந்துமாவு என்று காதில் விழுகிறது, வேண்டாம்.

> உளுப்பது மரம்தானே, வண்டு இல்லையே? உளுவண்டு இலக்கணப்படி எப்படிச் சரியாகும்?

நல்ல கேள்வி. வாடல் நோய் என்கிறோம், வாடுவது செடி. அழுகல் நோய் என்கிறோம், அழுகுவது கிழங்கு. விளைவைச் சொல்லி, அதை உண்டாக்குவதற்குப் பெயர் வைப்பது நம் வேளாண்மைத் தமிழில் வேரூன்றிய வழக்கம். உளுவண்டும் அந்த வரிசையில் உட்காரும்.

ஒன்றை மட்டும் பிரித்துக் காட்ட வேண்டும். ஈரமில்லாத கட்டைக்குள்ளேயே குடியிருக்கும் கறையான் இனமும் உண்டு. அதன் எச்சம் தூளாக இராது. ஆறு பட்டையுள்ள சிறு மணிகளாக, கசகசா போல உதிரும். ஆங்கிலத்தில் இரண்டையும் ஃப்ராஸ் என்றே சொல்கிறார்கள். நாம் உளுத்தூள், கறையான் மணி என்று இரண்டாக வைத்தால் படிப்பவர் பார்த்ததுமே எந்தப் பூச்சி என்று தெரிந்துகொள்வார்.

அடுத்தது, உயிருள்ள தாக்குதலும் பழைய துளையும். கையேட்டில் இதற்கு இன்னும் இடம் வேண்டும், ஏனென்றால் பணமும் பொருளும் இங்கேதான் போகின்றன. காரைக்குடிப் பக்கம் பழைய நாற்காலி பழுதுபார்க்கும் ஆசாரி ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். மேசையைக் கவிழ்த்து, இழுப்பறையை உருவி, அடியில் கறுப்புத் தாளை விரித்து, பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டினார். வெளிர் நிறத்தில் புதுத்தூள் கொட்டினால், துளையின் உள்விளிம்பு மரத்தின் புதுநிறத்தில் இருந்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்றார். விளிம்பு கறுத்து, அழுக்கடைந்திருந்தால் பழசு. முகப்பு தேக்கு என்று நம்பி விட்டுவிடாதீர்கள் என்பது அவர் எச்சரிக்கை. இழுப்பறையின் பின்பலகையும் அடிப்பலகையும் பெரும்பாலும் மாம்பலகை, அதுவும் பாலிஷ் படாதது. வைரம் பாய்ந்த தேக்கை விட்டுவிட்டு வண்டு அங்கேதான் முட்டையிடும். உயிர்த்தாக்கு, பழந்துளை என்ற இணை எனக்குப் பிடித்திருக்கிறது. பழந்துளைதான் என்று நாம் சொன்னால் மட்டும் அதிகாரி ஏற்க மாட்டார். சந்தேகம் இருந்தால் சிகிச்சைக்கு அனுப்புவார், செலவு நம் தலையில். மறுத்தால் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அழித்துவிடுவார்கள்.

> ஃபியூமிகேஷன் – புகையூட்டல். ஹீட் ட்ரீட்மென்ட் – வெப்பப் பதப்படுத்தல்.

இரண்டுமே இடிக்கிறது. ஃபியூமிகேஷனுக்குப் பயன்படும் மெத்தில் புரோமைடில் புகை கிடையாது. நிறமோ குறிப்பிடத்தக்க வாசனையோ இல்லாத நச்சுவாயு அது. மரத்துக்கு வழக்கமான அளவு, 21 டிகிரியில் கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம். புகையூட்டல் என்று படிப்பவர் சாம்பிராணிப் புகையை நினைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைத் தானே திறந்துவிடக் கூடாது. பதப்படுத்தல் என்பதோ, பச்சை மரத்தின் ஈரத்தை வற்ற வைப்பதற்கு மர வாடியில் ஏற்கெனவே புழங்கும் சொல். "பதப்படுத்திய மரம்தானே, பிறகென்ன" என்று வாதாடப் போகிறார்கள்.

உழவர்கள் நமக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: விதைநேர்த்தி, அதாவது விதைக்கும் முன் விதைக்குச் செய்யும் சிகிச்சை. அதே வழியில் வாயுநேர்த்தி, வெப்பநேர்த்தி. சிகிச்சை என்ற பொதுச்சொல் வரும் எல்லா இடத்திலும் நேர்த்தி பொருந்தும்.

வெப்பநேர்த்தி பற்றிய பத்தியில் ஒரு திருத்தம். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, விடாமல் 30 நிமிடம் என்ற விதியும், கோதுமைக்கதிர் முத்திரையும், இந்தியாவைக் குறிக்கும் 'ஐஎன்' என்ற நாட்டுக் குறியும், மரப் பொதிகளுக்கான பன்னாட்டு விதியான ஐஎஸ்பிஎம் 15-ஐச் சேர்ந்தவை. அந்த விதி பொருளைச் சுற்றி அடிக்கும் மரப்பெட்டி, சரக்கை ஏற்றி வைக்கும் மரத்தட்டு போன்ற பொதி மரத்துக்கு மட்டுமே. பெட்டியில் முத்திரை இருந்தால் உள்ளே இருக்கும் அலமாரிக்கும் சேர்த்து அனுமதி கிடைத்தது போல இப்போதைய வரைவு தொனிக்கிறது. இரண்டையும் தனித்தனி வாக்கியமாக்க வேண்டும்.

குவாரன்டீன் என்ற சொல்லைப் பற்றி நீளமாகப் பேச விரும்பவில்லை. கொரோனாக் காலத்துத் தனிமைப்படுத்தல் இங்கே ஒட்டாது, தொற்றுத்தடைக்காப்பே இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2015-இல் இயற்றிய பயோசெக்யூரிட்டி சட்டம் வந்துவிட்டதால், அந்த நாட்டுப் பக்கங்களில் மட்டும் உயிரிக்காப்பு என்று போடலாம்.

இலங்கை அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளில் தமிழ் பேசும் தொழிலாளர்கள் உளுத்தூளை என்னவென்று அழைக்கிறார்கள்? தூத்துக்குடியில் ஏற்றுமதிப் பெட்டி அடிப்பவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். அவர்கள் வாயில் இதைவிட நல்ல சொல் இருந்தால் என் முன்மொழிவை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.