புதுப்பிப்பு: பச்சைக் குழந்தைக்கு வாங்கியவை, வாங்காதவை

தங்கச்சி பிரசவத்துக்கு என்னென்ன வாங்கி வைக்கலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். காரைக்குடியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். இருவரும் நலம்.

அரசு மருத்துவமனைப் பிரசவம் என்பதால், 2015இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் கிடைத்தது. மொத்தம் 16 பொருட்கள். துண்டு, சட்டை, குட்டி மெத்தை, கொசுவலை, நகவெட்டி, தாய்க்குச் சுண்டி லேகியம் வரை இருக்கிறது. நீங்கள் சொன்னதில் பாதி அதிலேயே அடங்கிவிட்டது.

ஆனால் ஓயாமல் தேவைப்படுவது துணிதான். அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலைகள் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிக் கிடந்தன. ஒன்று தூளியானது. இன்னொன்றைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, இடுப்புத் துணியாக்கினோம். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், நல்ல வெயில், மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. டயப்பர் வெளியே போகும்போது மட்டும்.

இழுபறி வசம்பில்தான். “உங்களுக்கெல்லாம் உரசிக் கொடுத்துத்தானே வளர்த்தேன்?” என்றார் அப்பத்தா. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று நர்ஸம்மா சொன்னதும், சரி என்று வசம்பை வளையலாகக் கோத்துக் கட்டிவிட்டார். கையை வாயில் வைக்கத் தொடங்கினால் கழற்றிவிட வேண்டும். கண்மையும் கண்ணை விட்டு உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டது! தொப்புளில் எதுவும் தடவவில்லை, உலரவிட்டோம், தானாக விழுந்தது.

பவுடர் வாங்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், வாங்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதில் உருப்படியானது டிஜிட்டல் தெர்மாமீட்டர். 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் இந்த வயதில் கை வைத்தியம் கிடையாது, நேரே டாக்டரிடம்தான்.