பாதுகாப்புத் துறைக் கோப்போடு அரசு வக்கீலாக நின்ற அனுபவங்கள்

மேட்டுப்பாளையம் ரோடு வக்கீல்

கோவை நீதிமன்றத்தில் மத்திய அரசின் பேனல் வழக்கறிஞராக இருந்தவன் நான். பெயரும் ஆண்டும் கேட்காதீர்கள். ஒரு படைத்தளத்தின் சமையற்கூடத்துக்கு உருளைக்கிழங்கும் காய்கறியும் அனுப்பி வந்த மண்டிக்காரரின் ஒப்பந்தம், புலனாய்வுப் பிரிவின் பாதகமான அறிக்கை ஒன்றைக் காரணம் காட்டி ரத்தானது. அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டதோடு, அந்த அறிக்கையைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படியும் மனுச் செய்திருந்தார். கோப்பைக் கொண்டுவந்த அதிகாரி அதை என் கையில் தரவில்லை. மேசையில் விரித்து, மேல்பாதியை ஒரு வெள்ளைத்தாளாலும் கீழ்ப்பாதியைத் தம் உள்ளங்கையாலும் மறைத்துக்கொண்டு, நடுவில் இரண்டே வரிகளைப் படிக்க விட்டார். அங்கிருந்த பெயருக்கு முன்னால் 'கே' என்ற இனிஷியல் இருந்தது. வழக்குப் போட்டவருக்கோ 'பி'. குலதெய்வத்தின் பெயரைப் பேரனுக்கும் பங்காளி மகனுக்கும் வைக்கிற சீமை இது. ஒரே ஊரில் ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். இதைச் சொன்னபோது, ஆளைச் சரிபார்ப்பது எங்கள் வேலை, கோப்பு வெளியே போகாமல் காப்பது உங்கள் வேலை என்று சொல்லிவிட்டு அதிகாரி கோப்பைக் கட்டிவிட்டார்.

சாட்சியச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் (இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 129) சிறப்புரிமை, அதாவது அரசு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டாமல் வைத்துக்கொள்ளும் உரிமை, கோருவதென்றால், துறைத் தலைவரே ஆவணங்களைப் படித்து, எது வெளிவந்தால் என்ன கேடு என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும், நான் எழுதிக்கொடுக்கும் பொதுவான வாசகத்தில் கையொப்பம் வாங்கி வந்தால் நிற்காது என்று எழுத்திலேயே கருத்துரை கொடுத்தேன். இனிஷியல் விஷயத்தையும் அதில் சேர்த்தேன். அதற்குப் பதில் வருவதற்குள் ஒருநாள் மண்டிக்காரர் நீதிமன்ற வராந்தாவில் என் எதிரே வந்து நின்றார். "ஏனுங்க வக்கீலய்யா, நான் பண்ணுன தப்பு என்னன்னாச்சும் சொல்லிப்போடுங்க, கேஸையே வாபஸ் வாங்கிக்கறேனுங்க" என்றார். எதிர்த்தரப்புக் கட்சிக்காரரிடம் நான் பேசக் கூடாது. பேசலாம் என்றே வைத்துக்கொண்டாலும் எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு வரிதான். உங்கள் வக்கீலைக் கேளுங்கள் என்று சொல்லி நகர்ந்தேன். அவருடைய வக்கீலுக்கு அந்த இரண்டு வரியும் தெரியாது.

ஈரோடு பார்

மூத்தவர் மன்னிக்க வேண்டும். பிரமாணப் பத்திரம் ஒழுங்காக இருந்துவிட்டால் அரசு வக்கீலின் பொறுப்பு தீர்ந்தது என்பது போன்ற எழுத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ராஜ் நாராயண் வழக்கில் 1975-லேயே, தேவைப்பட்டால் நீதிமன்றம் ஆவணத்தைத் தானே பார்த்து முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 ஏப்ரலில் ரஃபேல் போர் விமான பேர வழக்கின் சீராய்வு மனுவின்போது, நாளிதழில் வெளிவந்துவிட்ட ஆவணங்களுக்குச் சிறப்புரிமை கோரிய அரசின் ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. மீடியா ஒன் தொலைக்காட்சி வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று வந்த தீர்ப்போ, தேசப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் இயற்கை நீதி (காரணத்தைச் சொல்லி எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்கும் நெறி) ஒதுங்கிக்கொள்ளாது என்று தெளிவாக்கிவிட்டது. ஆகையால் அரசுத் தரப்பில் நிற்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: கோப்பு முழுவதற்கும் சிறப்புரிமை கேட்கச் சொன்னால் தாள் தாளாகப் பிரித்துக் கேளுங்கள், மறைக்க வேண்டியதை மறைத்து மற்றதைக் கொடுக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள், அதுவும் முடியாதென்றால் காரணத்தின் சாரத்தையாவது எதிர்த்தரப்புக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், தொலைபேசியில் வரும் அறிவுறுத்தலுக்கு அன்றைக்கே ஒரு கடிதம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் சிறியதுதான். நீதிபதி மட்டும் பார்ப்பதற்கென்று ஆவணத்தை வைத்து அரக்கு முத்திரையிட்ட உறையை நான் நீட்டியபோது நீதிபதி அதைப் பிரிக்காமல், ஆட்சேபம் உண்டா என்று எதிர்த்தரப்பு வக்கீலைக் கேட்டார். "உள்ளே என்ன இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானுங்களே ஆட்சேபிக்கறதுக்கு" என்றார் அவர். கோர்ட்டே சிரித்தது, உறையைப் பிடித்திருந்த கையை இறக்குவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

பல்லடத்துக்காரன்

உறைச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். குற்றவியல் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் இருந்தபோது ஓர் ஆய்வாளர் இரவில் வீட்டுக்கே வந்து, சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கம் தேஜஸ் போர் விமானம் இறங்குவதைக் கைப்பேசியில் படம் எடுத்த கல்லூரிப் பையன் மீது 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் போடலாமா என்று கேட்டார். 3-ஆம் பிரிவுக்கு நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு விளைவிக்கும் நோக்கம் வேண்டும். 13(3)-இன்படி அரசோ அதன் அதிகாரம் பெற்ற அதிகாரியோ புகார் தராமல் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்கவே முடியாது என்றேன். அவர் கைப்பேசியைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினார். முக்கால்வாசிக்குப் பையனின் முகம்தான்; விமானம் மூலையில் ஒரு புள்ளி. "இருந்தாலும் எடுத்துட்டானுங்களே சார்" என்றார் ஆய்வாளர். அந்த 'இருந்தாலும்' மட்டும் இன்றுவரை காதில் இருக்கிறது.

அவிநாசி ஓய்வூதியர்

ஈரோட்டு நண்பர் மறைத்துக் கொடுக்கலாம் என்று எளிதாக எழுதிவிட்டார். ராணுவ அலுவலகம் ஒன்றின் சட்டப் பிரிவில் இருந்தபோது அதைத்தான் நான் செய்யச் சொன்னேன். எழுத்தர் பெயர்களையெல்லாம் கறுப்பு மார்க்கரால் அடித்துக் கொண்டுவந்தார். கையொப்பமிடும் முன் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். தகவல் தந்தவரின் பெயர் மைக்கு அடியில் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. பெயர் தெரியாவிட்டாலும், கையால் எழுதிய தகவலாக இருந்தால் எழுத்தின் சுழியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், அதுவும் எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கிற நம் ஊர்களில். அந்த அதிகாரி உள்ளங்கையால் மறைத்தது இதற்காகவும் இருக்கலாம் என்பதை முதல் பதிவர் யோசிக்க வேண்டும். தாளை நகலெடுக்காமல், சாரத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்து கொடுக்கலாம் என்று நான் குறிப்பு எழுதினேன். ஒப்புதல் வந்து சேர்ந்தபோது மனுதாரர் வழக்கை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார்.