வொயிட் பேப்பர் போட்டாச்சு, கிளிக் வருது, டவுன்லோட் வரல, பட்ஜெட் கம்மி, உதவி ப்ளீஸ்

குளிர்கூடம்:
எல்லாருக்கும் வணக்கம், கம்பெனிக்காக ஒரு வொயிட் பேப்பர் (ஒரு விஷயத்தை ஆழமா விளக்கற பிடிஎஃப்) எழுதி சைட்ல ஏத்தியிருக்கோம், ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணாதான் டவுன்லோட் ஆகும், நல்லா உழைச்சு எழுதினது. இருக்கற கொஞ்ச காசுல ஆட் ஓட்டினா கிளிக் வருது ஆனா ஃபார்ம் யாருமே ஃபில் பண்ண மாட்டேங்கறாங்க, காசு கரைஞ்சுகிட்டே இருக்கு, மேனேஜர் தினமும் கேக்கறார். எப்படி ப்ரமோட் பண்றது? அவசரம்.

தேன்மொழி:
எதைப் பத்தின பேப்பர், யார் படிக்கணும்? ஆட் கூகுள்லயா லிங்க்ட்இன்லயா? ஃபார்ம்ல என்னென்ன கேக்கறீங்க? இது தெரியாம என்னங்க சொல்றது.

எழுத்தாணி:
என்னைக் கேட்டா தலைப்புதான் காரணம். முக்கால்வாசி பேப்பர் தலைப்புலயே செத்துடுது. என்ன வச்சிருக்கீங்க?

பழையகை:
இதெல்லாம் எழுத உக்கார்றதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது தம்பி. யாருக்கு, எங்க கொண்டு போறதுன்னே தெரியாம எழுதிட்டு அப்புறம் அவசரம்னு வர்றீங்க. இதுக்கு நானே பல தடவை பதில் எழுதியிருக்கேன், தேடிப் படிச்சிருக்கலாம்.

குளிர்கூடம்:
சாரி, விட்டுட்டேன். மருந்து குடோன்ல டெம்பரேச்சர் கண்காணிக்கறது பத்தி. படிக்க வேண்டியது குடோன் மேனேஜர், க்வாலிட்டி ஆளுங்க. தலைப்பு ‘குளிர்சங்கிலியில் டிஜிட்டல் மாற்றம்’. ஆட் லிங்க்ட்இன்ல. ஃபார்ம்ல பேரு, மெயில், போன், கம்பெனி, பதவி, எத்தனை ஊழியர், பட்ஜெட், எப்ப வாங்கப் போறீங்க.

சுள்ளி:
முகமே தெரியாதவங்ககிட்ட எடுத்த எடுப்புல பட்ஜெட் கேட்டா யாருங்க நிப்பா? பேரு, ஆபீஸ் மெயில் போதும். போன் நம்பரைப் பாத்தாலே சேல்ஸ் கால் வரும்னு மூடிட்டுப் போயிடுவாங்க.

தேன்மொழி:
ஃபார்ம் சரி, ஆனா அதுக்கு முன்னாடி கேம்பெய்ன் செட்டிங்ல லிங்க்ட்இன் ஆடியன்ஸ் நெட்வொர்க் டிக் ஆகியிருக்கான்னு பாருங்க. நாம எடுக்கலேன்னா அது ஆன்லயே இருக்கும், ஆட் வெளி ஆப், வெளி சைட்டுக்கெல்லாம் போயிடும், கிளிக் ஏறும், வந்தவங்க நிக்க மாட்டாங்க. இன்னொண்ணு, கூகுள்ல உங்க டொமைனை மட்டும் பிடிஎஃப் ஃபைலுக்குத் தேடிப் பாருங்க. பேப்பர் நேரா வந்துச்சுன்னா ஃபார்ம் பக்கமே வராம எடுத்துட்டுப் போறாங்கன்னு அர்த்தம்.

எழுத்தாணி:
நான் சொன்னேன்ல, தலைப்பு! பெரும்பாலான தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும். ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்னு 11 டிகிரி ஆயிடுச்சுன்னா அந்த ஸ்டாக்கை வச்சுக்கறதா கழிக்கறதா? குடோன் மேனேஜருக்கு தூக்கம் போறது இதுலதான், இந்தக் கேள்வியையே தலைப்பா வைங்க.

திறந்தகதவு:
ஃபார்மையே தூக்குங்கன்னுதான் நான் சொல்வேன். பிடிஎஃப்பை லிங்க்ட்இன்லயே டாகுமென்ட் போஸ்டா ஏத்துங்க, பைசா செலவில்ல, அங்கயே புரட்டிப் படிப்பாங்க. கம்பெனி பேஜ்ல மட்டும் போடாம, எழுதினவங்க சொந்த அக்கவுன்ட்ல போடட்டும்.

பழையகை:
ஃபார்ம் இல்லாம லீட், அதாவது வாங்க வாய்ப்புள்ளவங்க விவரம், எங்கிருந்து வரும்? பெயர் தெரியாத ஆயிரம் பேர் படிச்சு என்ன பிரயோஜனம்? பிடிஎஃப்பை ரோபாட்ஸ் ஃபைல்ல (சைட்ல எதைப் படிக்கக் கூடாதுன்னு கூகுளுக்குச் சொல்ற ஃபைல்) ப்ளாக் பண்ணுங்க, முடிஞ்சுது.

திறந்தகதவு:
அது பத்தாது சார். ப்ளாக் பண்ணா கூகுள் உள்ள படிக்காது, ஆனா வேற எங்கயாவது லிங்க் இருந்தா அட்ரஸ் ரிசல்ட்ல வரலாம். பிடிஎஃப்போட சேர்ந்து சர்வர் அனுப்பற எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக்ங்கற ஹெடர்ல நோஇண்டெக்ஸ், அதாவது ரிசல்ட்ல காட்டாதேன்னு, அனுப்பணும், அப்ப ப்ளாக் இருக்கக் கூடாது, இருந்தா அந்த ஹெடரை கூகுள் பாக்கவே பாக்காது.

பழையகை:
எனக்கு பாடம் வேண்டாம். எத்தனையோ சைட்ல நான் அப்படித்தான் செஞ்சிருக்கேன்.

திறந்தகதவு:
செஞ்சிருக்கலாம் சார், கூகுளோட டாகுமென்டேஷன்லயே இப்படித்தான் இருக்கு, படிச்சுப் பாருங்க.

சுள்ளி:
கேட்டவரை மறந்துட்டீங்க ரெண்டு பேரும். முதல் சில பக்கத்தை சைட்லயே திறந்து விடுங்க, முழு பேப்பரும் ஒரு செக்லிஸ்டும் வேணும்னா மெயில் கேளுங்க. ஏற்கெனவே இருக்கற கஸ்டமருக்கும், பேசிட்டு வாங்காமப் போனவங்களுக்கும் சேல்ஸ் ஆளுங்க தனித்தனியா அனுப்பட்டும், ஆட்டை விட அது நல்லா வேலை செய்யும். மெயில் லிஸ்ட் மட்டும் விலைக்கு வாங்காதீங்க, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாதுன்னு ஜிமெயில் 2024 பிப்ரவரிலேர்ந்து கண்டிப்பா இருக்கு, டொமைன் பேரு கெட்டா உங்க பில்லு கூட கஸ்டமர் இன்பாக்ஸுக்குப் போகாது.

குளிர்கூடம்:
ஆடியன்ஸ் நெட்வொர்க் ஆன்லதான் இருந்துச்சு, எடுத்துட்டேன். ஃபார்ம் பேரு மெயில் மட்டும். தலைப்பும் மாத்தியாச்சு. கிளிக் குறைஞ்சிருக்கு, ஆனா ஃபில் வர ஆரம்பிச்சிருக்கு, வந்ததுல ரெண்டு பேர் குடோன் மேனேஜரேதான். ரொம்ப நன்றி எல்லாருக்கும், மீட்டிங் இருக்கு, வரேன்.

தேன்மொழி:
சந்தோஷம். கூகுள்ல பிடிஎஃப் வருதான்னு பாத்தீங்களா? ஃபில் பண்ணதும் வர்ற தேங்க்யூ பேஜ்ல, ஆட்லேர்ந்து எத்தனை பேர் ஃபில் பண்ணாங்கன்னு எண்ணற கன்வர்ஷன் டேக் இருக்கா?