12 அடி பழைய பைபர் போட்: எந்தக் கம்பெனி, என்ன மோட்டார் போடலாம்?

கேள்வி (நாகலூர்_காபி):
ஏற்காட்டில் எங்கள் தோட்டத்துக் குளத்துக்காக (2 ஏக்கர் இருக்கும்) ஒரு பழைய பைபர் போட் வந்திருக்கிறது. நீளம் 12 அடி, நடு அகலம் நாலரை அடி, அடிப்பாகம் தட்டை. மோட்டார் மாட்டும் பின்பலகை 4 அடி அகலம், 15 அங்குல உயரம். பெயர்ப் பலகை எதுவும் இல்லை. 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் (ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும்) அவுட்போர்டு, அதாவது பின்பலகையில் வெளியே மாட்டும் மோட்டார், ஒன்று விலைக்கு வருகிறது. மேட்டூர்ப் பக்கமும் கொண்டுபோக ஆசை. வாங்கலாமா?

பதில் (ரெசின்_கை):
பின்பலகையின் வெளிப்பக்கம், வலது மேல் மூலையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பாருங்க. முறைப்படி கட்டிய படகானால் 14 எழுத்து-எண் பொறித்திருக்கும். முதல் 2 எழுத்து நாடு, அடுத்த 3 கட்டியவர், பிறகு 5 வரிசை எண். மீதி, கட்டிய மாதமும் வருடமும். நம் ஊர்ப் பட்டறையில் வார்த்ததில் பெரும்பாலும் இது இருக்காது. அதனால் கம்பெனியைத் தேடி அலைய வேண்டாம், இது மோட்டாருக்காகக் கட்டிய படகா என்பதைத்தான் கண்டுபிடிக்கணும். பின்பலகை ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத தடிமனா, மோட்டாரைப் பிடிக்கும் கிளாம்ப் அழுத்திய இரண்டு வட்டத் தழும்பு உண்டா என்று பாருங்க. பலகை மெல்லிசா இருந்து, பக்கவாட்டில் துடுப்பு மாட்டும் ஓட்டை இருந்தால் அது துடுப்புப் படகு.

அடுத்து சுத்தியல் பிடியால் பலகை முழுக்கத் தட்டுங்க. 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'பொத்'தென்று கேட்கும் இடத்தில் உள்பக்கமாக 5 மி.மீ. துளை போடுங்க. வரும் தூள் ஈரமா, கறுப்பா இருந்தால் உள்ளே பிளைவுட் அழுகிவிட்டது. அப்படி இருந்தால் எந்த இன்ஜினும் மாட்டக் கூடாது, முழு வேகத்தில் பலகையோடு பிய்ந்து போகும்.

எடையும் பார்க்கணும். கொக்கித் தராசில் முன் நுனியைத் தூக்கி ஒரு அளவு, பின் நுனியைத் தூக்கி ஒரு அளவு, இரண்டையும் கூட்டுங்க. இந்தச் சைசுக்கு 80 முதல் 120 கிலோ சரி. 180 வந்தால் தரைக்கு அடியில் உள்ள ஃபோம் தண்ணீர் குடித்திருக்கு.

பலகை மாற்றுவதானால் வெளித்தோலை அப்படியே விட்டு, உள்தோலை ஓரத்தில் 3 அங்குலம் விட்டு வெட்டி, அழுகலைச் சுரண்டி எடுங்க. நன்றாகக் காய்ந்த பிறகு ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) மரைன் பிளை, 18 மி.மீ. தடிமனில் இரண்டு, நடுவில் ரெசினில் (பைபர் பிசின்) நனைத்த கண்ணாடி இழை மேட். மேலே சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று அடுக்கு, பக்கச் சுவரில் 4 அங்குலம் ஏறணும். ஒரு சதுர மீட்டர் மேட்டுக்கு ஒரு கிலோ ரெசின் வரை பிடிக்கும். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கலந்து வரும் ரெசின் என்றால் கிலோவுக்கு ஹார்ட்னர் (ரெசினை இறுக வைப்பது) சேலம் வெயிலில் 10 மி.லி. போதும், ஏற்காட்டுக் குளிரில் 15–20. பனிமூட்டத்தில் செய்தால் பிசுபிசுப்பு போகாது, கீழே சேலத்தில் வைத்தே முடிங்க. கோபால்ட்டைத் தனியாக வாங்கினால் ஹார்ட்னரோடு நேரடியாகச் சேர்க்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும்.

பதில் (மேட்டூர்_அலை):
நீளம் × பின்பலகை அகலம் = 48. கைப்பிடியில் திருப்பும் படகுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை அட்டவணைப்படி 15 குதிரைத்திறன். அடி தட்டை என்பதால் ஒரு படி குறைத்து 10. ஆக 8 தாங்கும். 15 அங்குல உயரத்துக்கு ஷார்ட் ஷாஃப்ட் (கால் குட்டையான மோட்டார்)தான் சரி.

சிக்கல் உயரத்தில் இருக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்று மெலிவதால் இன்ஜின் சக்தியில் 15 சதவீதம் போல போய்விடும், பெட்ரோல் அதிகமாகி பிளக் கறுக்கும். கார்புரேட்டரில் சிறிய மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டால் சரியாகும். ஆனால் அதே ஜெட்டோடு மேட்டூருக்கு இறக்கினால் பெட்ரோல் பத்தாமல் பிஸ்டன் சூடேறிச் சிக்கிக்கொள்ளும். இறக்கும்போது பழைய ஜெட்டை மாட்டியே ஆகணும்.

ஆயில் டிசி-டபிள்யூ3 (TC-W3, படகு டூ ஸ்ட்ரோக்குக்கான தரம்) மட்டும். பெட்ரோல் 50-க்கு ஆயில் 1 என்று எழுதிய இன்ஜினுக்கு லிட்டருக்கு 20 மி.லி. பைக் 2டி ஆயில் சாம்பல் படிய வைக்கும். இப்போதைய எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நிறுத்தி வைக்கும் முன் கார்புரேட்டரைக் காலி செய்யுங்க. தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்து பார்க்க விடாதீங்க, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் (சுழலும் ரப்பர் சக்கரம்) சில நொடியில் கருகும்.

மேட்டூரில் ஓட்டுவதானால் 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி இயந்திரப் படகுக்குப் பதிவும் சர்வே (படகைப் பரிசோதித்த) சான்றும் வேண்டும்.

பதில் (ரெசின்_கை):
தோட்டத்துக் குளம் மட்டும் என்றால் 8 எதுக்குங்க? 12 வோல்ட், 45 பவுண்டு தள்ளுவிசை மின்மோட்டார் தாராளம், உயரமும் அதைப் பாதிக்காது. முழு வேகத்தில் 40 ஆம்பியர் இழுக்கும். 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பாஸ்பேட் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தரும், எடை 12 கிலோ சுமார். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைக்காதீங்க, உயரமான டப்பா, படகு ஆடினால் ஆசிட் சிந்தும். செம்பு வயர் 16 சதுர மி.மீ., பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ். மூன்று பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம், மூவருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
தட்டிப் பார்த்தேங்க. வலது கிளாம்ப் இடத்தில் 'பொத்'தென்று கேட்கிறது, துளையில் கறுப்புத் தூள். எடை 112. பலகையைச் சேலத்தில் மாற்றிவிட்டு மின்மோட்டாரே போடுகிறேன்.