முருங்கை இலைப் பொடி வெளிறிப் போச்சு (குடும்பக் குழு)

கவிதா, 7:12
சித்தி, முருங்கை இலைப் பொடி கண்ணாடி பாட்டில்ல ஜன்னல் பக்கம் இருந்துச்சு. வெளிச்சம் படுற பக்கம் மட்டும் வெளிறியிருக்கு. கரண்டியால கிளறினா நடுவுல இன்னும் நல்ல பச்சை. பயன்படுத்தலாமா?

உமா சித்தி, 7:20
கெட்டுப் போகலடா, ஆனா வீரியம் இறங்கியிருக்கும். வெளிச்சமும் காத்தும் சேர்ந்தா முதல்ல போறது வைட்டமின் சி, பீட்டா கரோட்டின். க்வெர்செட்டின் மாதிரி பாலிபீனால்கள் (செடியில இருக்கிற, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற பொருள்கள்) இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

செல்வம் மாமா, 7:24
வெளிறினா வெளிச்சம். பழுப்படிச்ச பச்சையானா சூடோ ஈரமோன்னு பாரு. பச்சையத்துல இருக்கிற மெக்னீசியம் கழண்டு அந்த இடத்துல ஹைட்ரஜன் உட்கார்ந்தா வர்ற நிறம் அது.

கவிதா, 7:26
அப்போ ஃப்ரிட்ஜ்ல வெச்சிடட்டுமா?

உமா சித்தி, 7:31
வை. 10 டிகிரி குறைஞ்சா இந்த மாதிரி வினைகள் தோராயமா பாதி வேகத்துக்கு வந்துடும். ஆனா வெளிய எடுத்ததும் மூடியைத் திறக்காதே! குளிர்ந்த பொடி மேல காத்துல இருக்கிற ஈரம் அப்படியே படியும். 1 மணி நேரம் மூடியே வை, பாட்டில் வெளிப்பக்கம் வேர்த்தது காஞ்சதும் திற. தினமும் எடுக்கிற பொடியை ஃப்ரிட்ஜ்ல வைக்கவே வேண்டாம், சின்ன பாட்டில்ல தனியா பிரிச்சிடு.

செல்வம் மாமா, 7:38
எல்லாத்துக்கும் மேல, இலையா இருக்கிறப்பவே சேமிச்சு வை. அரைச்சா காத்து படுற பரப்பு பல மடங்கு ஆயிடும். 2 வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரை. மிக்சியை 20 விநாடிக்கு ஒரு தடவை நிறுத்து, ஜார் சூடாகக் கூடாது. அரைச்சதைத் தட்டுல பரப்பி ஆறவிட்டு, பாட்டில் கழுத்து வரைக்கும் அழுத்தி நிரப்பு. மேல காலி இடம் விட்டா அங்க காத்து நிக்கும், அதுல ஆக்சிஜன் இருக்கும்.

கவிதா, 7:40
ஈரம் எவ்வளவு இருக்கலாம் மாமா?

செல்வம் மாமா, 7:47
8 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 5 கிராம் பொடியை 105 டிகிரி அவன்ல வெச்சு, எடை இறங்குறது நிக்கிற வரைக்கும் காயவிட்டு நிறு. 4.60 கிராம் வந்தா சரியா 8. தராசு 0.01 கிராம் காட்டணும், சமையலறைத் தராசு இதுக்கு ஆகாது. தராசு இல்லைன்னா அரைக்கிறதுக்கு முன்னாடியே இலையைக் கசக்கிப் பாரு. சருகா நொறுங்கணும், காம்பு வளையாம டப்புன்னு ஒடியணும்.

கவிதா, 7:49
சிலிக்கா ஜெல் பை போட்டா போதுமா?

உமா சித்தி, 7:55
அது ஈரத்தை மட்டும்தான் இழுக்கும், ஆக்சிஜனை ஒண்ணும் பண்ணாது. ஆக்சிஜனுக்கு இரும்புத்தூள் பை தனியா வருது.
அண்ணா, இன்னொண்ணு. சேமிச்ச பொடியில மொத்த பீனால் (பாலிபீனால்களோட மொத்த அளவு) கூடியிருக்குன்னு லேப் ரிப்போர்ட் வந்தா உடனே நம்பிடாதீங்க. அதை அளக்கிற ஃபோலின் கரைசல், வைட்டமின் சி மாதிரி எலக்ட்ரான் கொடுக்கிற வேற ஒடுக்கிப் பொருள்களுக்கும் நிறம் காட்டும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற திறனைப் பாக்கிற டிபிபிஎச் சோதனையும் சேர்த்துப் பாக்கணும். அது டிபிபிஎச் கரைசலோட ஊதா வெளுத்து மஞ்சளாகிறதை 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில அளக்கிறது.

செல்வம் மாமா, 7:58
ஆமா உமா, ஒரே சோதனையை வெச்சு முடிவு பண்ணக் கூடாது.
கவிதா, பொடி கட்டி தட்டியிருந்தாலோ பூசண வாடை அடிச்சாலோ சலிச்சு எடுத்து வைக்காதே, மொத்தமா கொட்டிடு.

கவிதா, 8:03
கட்டி இல்ல, வாடையும் இல்ல. வெளிறினதை முதல்ல தீர்த்துடறேன். மிச்ச இலையை அரைக்காம அலுமினியத் தாள் பையில போட்டு ஒட்டிடறேன் மாமா.